மூக்கின் மேல் இருந்த கண்ணாடி

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வேலை செய்ததற்காகப் பதினைந்து நாள் சஸ்பெண்ட் என்று சூப்பர்வைசர் சொன்னபோது, தச்சரின் மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது.

எல்லோரும் பார்த்தார்கள். சாரத்தில் நின்றவர்கள், கீழே பலகை அறுத்துக்கொண்டிருந்தவர்கள், பெயின்டர் உட்பட.

அதற்கு இரண்டு நிமிடம் முன்னால்தான் அது நடந்தது. தச்சர் ஏணியில் நின்று, உத்தரத்தையும் குறுக்குச் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டையில் காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் துப்பாக்கியை வைத்து அழுத்தினார். பட்டையின் ஓட்டை வழியாக மரத்தில் இறங்க வேண்டிய ஆணி இரும்பில் பட்டுத் தெறித்தது. எதிர் ஏணியில் சட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்த மச்சினனின் காதோரமாக விர்ரென்று போய், பின்னாலிருந்த கதவு நிலையில் குத்திக்கொண்டது.

மச்சினன், தச்சரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. அவன் கை தன்னால் காதுக்குப் போனது. காது இருந்தது.

ஓடி வந்த சூப்பர்வைசர் முதலில் காற்றுக் குழாயைத் துப்பாக்கியிலிருந்து கழற்றினார். அப்புறம் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். தச்சரைக் கைபிடித்து இறக்கி, முகத்துக்கு வெகு பக்கத்தில் குனிந்து ஒரு நொடி முறைத்தார். பிறகுதான் தெருவுக்கே கேட்கிற குரலில் அந்தத் தீர்ப்பு.

"முதல்ல இந்த ஆளுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா" என்று சூப்பர்வைசரைக் காட்டிப் பெயின்டர் முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

தச்சர் சண்டைக்கு அஞ்சாதவர். டீ ஆறிப்போனாலே அரை மணி நேரம் பேசுவார். இருபத்திரண்டு வருட அனுபவம். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்ததுதான் மச்சினனுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, தகரக் கொட்டகை ஆபீசில் ரிப்போர்ட் தயாராக இருந்தது. சாட்சியாக, பக்கத்தில் வேலை செய்தவன் கையெழுத்துப் போட வேண்டும். போட முடியாது என்றான் மச்சினன். ஆணி தன் காதுகிட்டேதான் போனது, தனக்கே கோபம் இல்லை, சூப்பர்வைசருக்கு என்ன வந்தது என்று கேட்டான். வேண்டாத ஆளை வெளியே தள்ள இப்படியும் ஒரு வழியா என்றும் கேட்டுவிட்டான்.

சூப்பர்வைசர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மேஜைக்கு அடியிலிருந்து ஓர் இரும்புப் பட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தார். காலையில் தச்சர் அடித்தது, கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இதுல எத்தனை ஓட்டை?"

"பத்து."

"ஆணி எத்தனையில போயிருக்கு?"

மச்சினன் பார்த்தான். நான்கில். மற்ற ஆறு ஓட்டைகளைச் சுற்றிலும் இரும்பு நசுங்கிக் கிடந்தது, கோழி கொத்தின மாதிரி.

"துப்பாக்கியில ஏதாவது கோளாறா இருக்கும் சார்."

அதே துப்பாக்கியால் தானே பத்து ஆணி அடித்துப் பார்த்ததாகச் சொன்னார். அதன் மூக்கில் ஆணியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஓட்டைக்குள் நுழைத்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும். பத்தும் உள்ளே போயிற்று. கருவியில் ஒன்றும் இல்லை.

நசுங்கிய இடத்தை மச்சினன் விரலால் தடவினான். போன வாரம் மாமா தம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றினார். அக்கா சிரித்தாள், அவனும் சிரித்தான். போனில் வந்த மெசேஜை நீயே படிச்சுச் சொல்லுடா என்று நீட்டினார். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தான்.

"என்கிட்டகூட சொல்லலையே சார்."

"என்கிட்ட மட்டும் சொன்னாரா? இறக்கும்போது கிட்டத்துல பார்த்தேன். ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்திருக்கு. உன் காதுக்குப் போன ஆணி ரெண்டு அங்குலம் இந்தப் பக்கம் வந்திருந்தா, இப்போ உங்க அக்காவுக்கு நான் போன் பண்ணிட்டு இருப்பேன்."

கொட்டகைக்கு வெளியே கம்ப்ரஸர் மறுபடி ஓட ஆரம்பித்தது.

புரையை எடுத்தால் பார்வை வந்துவிடும் என்றார் சூப்பர்வைசர். நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகும், தன் கண்முன்னால் பத்து ஆணி அடித்துக் காட்டாமல் ஏணியில் ஏற்ற மாட்டேன் என்றார்.

"சரி சார். அதை அப்படியே எழுதியிருக்கலாமே. கண்ணாடி போட்டிருந்த மனுஷனை, அத்தனை பேர் முன்னாடி, போடலைன்னு ஏன் சொன்னீங்க?"

சூப்பர்வைசர் ரிப்போர்ட்டை அவன் பக்கம் தள்ளி, பேனாவின் மூடியைத் திறந்து வைத்தார்.

"கண்ணாடி போடலைன்னு எழுதினா பதினாறாம் நாள் கம்பெனி உள்ள விட்டுடும். கண்ணு தெரியலைன்னு எழுதினா, ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தாலும் கேட்டைத் திறக்க மாட்டாங்க. போன வருஷம் இதே மாதிரி புரை விழுந்த எங்க அண்ணனுக்கு நான் உள்ளதை உள்ளபடிதான் எழுதினேன். இன்னும் வீட்டுலதான் இருக்கார். கையெழுத்துப் போடு."