உடைப்பில் கொட்டிய மண்

வெள்ளைக்காரனின் பீரங்கிக் குண்டடியில் கோட்டையின் மண்சுவர் மாட்டுவண்டி நுழையும் அளவுக்கு உடைப்பெடுத்ததும், உள்ளே சேறு மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஓடினார்கள். முன்னால் ஓடியவள் ஒய்யம்மா. ஒரே புகை. "நிறுத்தாதீங்க, கொட்டுங்க!" என்று உடைப்புக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள். வெடிச்சத்தத்தில் யார் குரலென்று பிடிபடவில்லை. கொட்டினாள். நாற்பது கூடை இருக்கும். சுவர் எழுந்தது. பொழுது சாய்வதற்குள் வெள்ளைக்காரன் பின்வாங்கினான். முதல் சண்டையே வெற்றி. கோட்டை முழுக்கக் குலவைச் சத்தம்.

ஒய்யம்மாவின் புருஷன் சடையன் மட்டும் திரும்பவில்லை. சண்டையில் அவன்கூட நின்ற ஈட்டிக்காரன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "குண்டுல ரெண்டு காலும் போயிருச்சு மதினி. உடைப்புலயே கெடந்தாரு அண்ணன். கொட்டச் சொல்லிக் கத்துனது அவருதான்."

பாளையக்காரர் வந்து நின்றார். "சுவரைப் பிரிங்கடா. எடுத்து அடக்கம் பண்ணுவோம்."

"வேண்டாம் சாமி," என்றாள் ஒய்யம்மா. "ஈரச் சுவரு. ஒரு கூடை எடுத்தாலும் மொத்தமும் சரிஞ்சிரும். வெள்ளைக்காரன் நாளைக்கும் வருவான்."

பிறகு கலயத்துத் தண்ணீரில் கையை நனைத்து, வெடிப்பு விடாதபடி சுவரைப் பூசத் தொடங்கினாள். அடிச்சுவருக்கு வந்ததும் குந்தி உட்கார்ந்தாள். கை ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"கண்ணுல மண்ணு விழுந்திருக்குமே," என்றாள்.

அந்த இடத்தை மட்டும் முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.