உட்கார மாட்டேன் என்ற மார்கரெட்

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். சட்டம் கிட்டம் என்று பேசப் போய், ஏதாவது மாற்றிச் சொல்லி, அதற்கும் ஒரு வம்பு வருமோ என்று பயம். ஆனாலும் மார்கரெட் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு நைட்டிக் கடை. அகலம் எட்டடி. வேலைக்கு மார்கரெட் ஒருத்திதான். ஏழு வருஷமாக இருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை சர்க்கார் ஆபீஸ் விஷயம் எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். அவர் மவுத்தான பிறகு எல்லாம் என் தலையில். கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் 'புதிய சட்டம்' என்று ஒரு செய்தி வந்தால் போதும், மூன்று தடவை படிப்பேன். பாதி புரியாது. யாரிடமாவது கேட்க வெட்கம்.

போன மாதம் பக்கத்துப் பாத்திரக்கடை தாமோதரன் அண்ணன் வந்தார்.

"இன்னா பாயம்மா, உன் கடைல அந்தப் பொண்ணு நாள் பூரா நின்னுகினே கீது? வேலை செய்றவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு சட்டம் வந்து எத்தினி வருசமாச்சு! தெரியாதா?"

"அய்யய்யோ, தெரியாதுண்ணே!"

"ஆபீசருங்க கடை கடையா பாத்துகினு வர்றாங்க. மாட்டுன, ஃபைன்தான்."

அன்று மதியமே கல்லாவுக்குப் பின்னால் கிடந்த நாற்காலியைத் தூக்கி, மார்கரெட் நிற்கும் இடத்தில் போட்டேன்.

"உக்காரு மார்கரெட்டு."

"இருக்கட்டும்க்கா."

"உக்காருடி. சட்டம்டி!"

"சட்டமா?" என்று சிரித்தாள். "அந்தச் சட்டத்துல முதலாளிக்கு இன்னாக்கா போட்டுகீது?"

"ஃபைனு போட்டுகீது!"

இன்னும் சிரித்தாளே தவிர, உட்காரவில்லை.

மறுநாள் ஒரு சின்ன மெத்தை வாங்கி நாற்காலியில் போட்டேன். அதன்மேல் மடித்த நைட்டிகளை அடுக்கிவைத்துவிட்டு நின்றாள். திட்டிப் பார்த்தேன். கெஞ்சியும் பார்த்தேன். "நீங்க போய் வேலையப் பாருங்கக்கா" என்பாள். முதலாளி நானா அவளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பத்து நாள் இப்படியே போனது. தாமோதரன் அண்ணன் மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

"உனக்கு இன்னுமா புரியல? ஆபீசர் வர்றப்ப நின்னுகினு இருக்கணும்னுதான் நிக்கிறா. 'ஏழு வருசமா நிக்க வெச்சாங்க சார்'னு ஒரு வார்த்தை சொன்னா உன் கதை கந்தல். அதுக்குள்ள அவள வேலைய விட்டு நிறுத்திடு."

எனக்குச் சோறு இறங்கவில்லை. மார்கரெட்டின் புருஷனுக்கு நிலையான வேலை கிடையாது. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அதெல்லாம் தெரிந்தும், பயம் என்னை விடவில்லை.

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்ததும், "மார்கரெட்டு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"சொல்லுங்கக்கா."

'நாளையோட நின்னுக்கோ' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாசலில் தோள்பையோடு ஒருவர் நின்றார்.

"தொழிலாளர் துறையிலேர்ந்து வர்றேன். இங்க வேலை செய்றது யாரு?"

மார்கரெட் முன்னால் வந்தாள்.

"நான்தான் சார்."

"உக்கார எடம் குடுத்திருக்காங்களாம்மா?"

அவ்வளவுதான், தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. கண்ணைத் திறந்தேன். நைட்டிகளை அள்ளிக் கல்லாமேல் வைத்துவிட்டு, மார்கரெட் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். கால்மேல் கால் போடாததுதான் குறை.

"இதோ பாருங்க சார், மெத்தை வேற. உக்காரு உக்காருன்னு இந்தக்கா ஒரு நாளைக்குப் பத்து தபா பேஜார் பண்ணுது சார்!"

ஆபீசர் சிரித்துவிட்டார். எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மார்கரெட் எழுந்துகொண்டாள்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஏண்டி, ஆபீசர் வந்தா மட்டும் உக்கார்ற. நான் சொன்னா உக்கார மாட்டியா? பத்து நாளா என் உசுர எடுத்தியேடி!"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள்.

"இந்தக் கடைல இருந்ததே ஒரு நாற்காலி. அது உங்களுதுக்கா. அதைத் தூக்கி எனக்குப் போட்டுட்டு, பத்து நாளா நீங்க நின்னுகினு கீறீங்க. உங்க காலு எப்படி வீங்கிக்கீது பாருங்க. எனக்கு எப்படிக்கா உக்கார மனசு வரும்? அதான் அன்னிக்கே கேட்டேன், முதலாளிக்கு இன்னா போட்டுகீதுன்னு."

கால் வீக்கத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் பிள்ளைகள்கூடக் கவனிக்கவில்லை.

"அது சரி, காலைல ஏதோ சொல்லணும்னீங்களே, இன்னாக்கா அது?"

"ஒண்ணுமில்ல. டீ சொல்லு, ரெண்டு பேருக்கும்" என்றேன். அந்த ஆபீசரை ஒரு நிமிஷம் முன்னால் அனுப்பிவைத்த அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள், உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டிருந்த நைட்டி மாட்டும் பொம்மையை வாசல் ஓரமாகத் தள்ளினேன். அந்த இடத்தில் ஒரு நீள பெஞ்சு வாங்கிப் போட்டேன். ஆள் வராத நேரமெல்லாம் நானும் மார்கரெட்டும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

இனி எந்த ஆபீசர் எப்போது வந்தாலும் எனக்குப் பயமில்லை. எங்கள் கடையில் நாள் முழுக்க நிற்பது இப்போது அந்தப் பொம்மை மட்டும்தான்.