நின்று எரியும் விளக்கு

“அண்ணே, இந்தச் சுத்துற வெளக்கு வேணாம். பழையபடி நின்னு எரிய வுடுங்க. இது நம்ம ஊருன்னு அவுங்களுக்குத் தெரியல.”

எனக்குச் சுருக்கென்றது. மதராஸிலிருந்து எஞ்சினியர் வந்து பொருத்திய விளக்கு. நேற்றுச் சாயங்காலம் கடலூர் துறைமுகமே திரண்டு நின்று வேடிக்கை பார்த்தது. மறுநாளே இந்தச் சர்புன்னிசா குறை சொல்ல வந்துவிட்டாள்.

கலங்கரை விளக்கத்துக்கு நான்தான் காவல். பொறுமையாகத்தான் சொன்னேன்.

பழைய எண்ணெய் விளக்கு அசையாமல் எரிந்தது. கரை இருட்டாக இருந்தவரை அது போதும். இப்போது ஊரெல்லாம் கரண்டு. கடலில் வருகிறவனுக்குக் கலங்கரை எது, டீக்கடை எது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் கண்ணாடிக் கூண்டு சுற்றுகிறது, வெளிச்சம் விட்டுவிட்டு வருகிறது.

நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். அவள் புருஷன் அப்துல் வதூது பினாங்குக் கப்பல்காரர் என்று மட்டும் தெரியும்.

“எல்லாக் கப்பலுக்கும் சேதி போயிடும்மா. வழி தவற மாட்டாரு.”

அவள் போகவில்லை. கண்ணாடியில் வெயில் குவிந்து தீப்பிடிக்காமல் இருக்கப் பகலில் திரை போட்டு மூடிய கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஏக்கம் எனக்கே தாங்கவில்லை.

கிடங்கில் கிடந்த பழைய விளக்கைத் துடைத்து எண்ணெய் ஊற்றினேன். வீட்டில் ஏற்றி வைத்துக்கொண்டால் மனசாவது ஆறட்டும். பொழுது சாயும்போது நானே தூக்கிக்கொண்டு அவளோடு போனேன்.

கொல்லையில் கிணற்றுக் கட்டைமேல் வைத்து ஏற்றினேன். திரும்பினால், பின்கதவுக்கு உள்ளே கட்டிலில் ஒருவர். மடியில் தகரப் பெட்டி. கால் தரையில் படாமல் மடக்கி வைத்திருந்தார்.

அப்போதுதான் அவள் சொன்னாள். அப்துல் வதூது ஊர் திரும்பி ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். புத்திதான் இன்னும் கப்பலிலேயே நிற்கிறதாம். தினமும் கலங்கரையில் விளக்கு ஏற்றியதும் ஊர் வந்துவிட்டது என்று கட்டிலை விட்டு இறங்குவாராம். அவர் அவளை அடையாளம் கண்டு பேசுவது அந்த ஒரு வேளைதானாம். நேற்று விளக்கு சுற்றுவதைப் பார்த்து, வேறு ஊர் என்று இறங்கவே இல்லையாம்.

விளக்கு அசையாமல் எரிந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலைத் தரையில் வைத்தார். பெட்டியை என்னிடம் நீட்டினார்.

“புடிங்க மச்சான், ஊரு வந்துடுச்சு. சர்பு வாசல்லயே நிப்பா.”

என் பக்கத்தில் நின்றவள் வாசலுக்கு ஓடினாள்.