ஒரு படம்கூட இல்லை

“கேமரா வாங்கி எட்டு மாசம் ஆச்சு. ஒரு படமாவது காட்டினாரா?” அக்கா போனில் கேட்டாள்.

“கௌதாரி பறக்கிறப்ப எடுக்கறது ரொம்பக் கஷ்டமாம்க்கா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடுமாம்.”

“ஞாயிறு தவறாம விடியறதுக்கு முன்னாடியே கிளம்பறார். கையில ஒரு படம் இல்ல. உன் வீட்டுக்காரர் உனக்குத்தான் நல்லா படம் ஓட்டறார்டி!”

தங்கை சிரித்தபடியே போனை வைத்தாள். ஆனால் மனசு சிரிக்கவில்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சட்டை மடிப்புக் கலையாத மனுஷர். அவருக்குப் புதர்க்காட்டில் என்ன வேலை?

அவர் கடைக்குப் போனதும், கேமராவைத் தெருமுனை ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனாள்.

ஸ்டுடியோக்காரர் திறந்து பார்த்தார். “இதுல படம் பதியற மெமரி கார்டே இல்லையேம்மா. போடற இடத்துல ஒட்டின காகிதத்தைக்கூட இன்னும் பிரிக்கலை.”

அப்போ எங்கே போகிறார்? யாரிடம்?

அடுத்த ஞாயிறு, சத்தம் காட்டாமல் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனாள்.

ஊர் எல்லை தாண்டி அவருடைய பைக் நின்றிருந்தது. இடுப்பளவு புல்லுக்குள் அவர் மட்டும். கூட யாருமே இல்லை. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

மெல்ல ஓரடி வைத்தார். படபடவென்று இறக்கை அடித்துக்கொண்டு ஏழெட்டுக் கௌதாரிகள் கிளம்பின. கேமரா ‘க்ளிக்’ என்றது. அதை இறக்கிவிட்டு, அவை போன திக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க இது? கார்டே இல்லாம யாரை ஏமாத்தறீங்க?”

திடுக்கிட்டுத் திரும்பினார்.

“உன்கிட்ட சொன்னதில்லம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு வேட்டைன்னா பைத்தியம். துப்பாக்கியை எடுத்தா குறி தப்பாது.”

“சரி. அதுக்கும் இதுக்கும் என்ன?”

“இறக்கைச் சத்தம் கேட்டா இந்த விரல் இன்னும் சும்மா இருக்காது. எதையாவது அழுத்தணும்.”

“அந்தக் கார்டைப் போட்டுத்தான் அழுத்தினா என்ன? நாலு படமாவது மிஞ்சுமே!”

கௌதாரிகள் தாண்டிப் போய் இறங்கிய தூரத்து வேலியை அவர் காட்டினார்.

“படம் எதுக்கும்மா? துப்பாக்கி பிடிச்ச காலத்துல எத்தனையோ கௌதாரி எழும்பறதைப் பாத்திருக்கேன். ஒண்ணுகூட அந்தப் பக்கம் போய் இறங்கினதைப் பாத்ததில்ல.”