செம்பு ரேடியேட்டர்

"அப்பா, நம்ம பழைய கார் ஓடுதா?"

"ஓடுதுப்பா. ஆனா கொஞ்ச தூரத்துலயே கொதிச்சுப் போகுது. ரேடியேட்டர் போச்சு."

"ஞாயித்துக்கிழமை நானே வந்து மாத்தித் தர்றேன்."

போனில் சொன்னதையே நினைத்தபடி, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்ட மகனோடு ஒர்க்‌ஷாப்பில் நின்றார் அப்பா. கல்யாணமாகி மலைமேல் குடியேறியவன், நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவரை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. பேத்தியைப் போட்டோவில் பார்த்ததோடு சரி.

மெக்கானிக் இரண்டு ரேடியேட்டர்களை எடுத்து வைத்தார். "ஊருக்குள்ள ஓட்ட அலுமினியமே போதும் பெரியவரே. மலை ஏறணும்னா செம்புதான் தாங்கும்."

"செம்பே போடுங்கண்ணே. மலை ஏறணும்" என்றான் மகன், பட்டென்று.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் பையன்!" என்று மெக்கானிக்கிடம் இரண்டு தடவை சொன்னார். பேத்திக்கு என்ன வாங்கிப் போகலாம் என்றுகூட யோசித்துவிட்டார்.

மகன் தயங்கியபடி அருகில் வந்தான்.

"ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேம்ப்பா."

"கேளுடா ராஜா. நான் எப்பவோ ரெடி!"

"என் மாமனார் எங்ககூடத்தான் இருக்கார். அந்த மேட்டுல எங்க போனாலும் நடந்தே போறார், பாவம். வண்டிய அவர் பேருக்கு மாத்திக் குடுத்துடுங்கப்பா."