கும்பகர்ணன் படுத்துவிட்டான்

காலை ஏழு மணிக்கு, அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக, கும்பகர்ணன் எழுந்திருக்கவில்லை.

கும்பகர்ணன் என்பது அவள் கணவர் பழைய சாமான் கடையில் வாங்கி வந்த கம்ப்யூட்டர். கரண்ட் போய் வந்தால் போதும், படுத்துவிடும். அது படுத்தால் கீழ்வீடு, மாடிவீடு இரண்டுக்கும் இன்டர்நெட் கிடையாது.

"கூப்பிடு அவனை," என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

'அவன்' என்றால் மாடியில் குடியிருக்கும் தம்பி. அவர் கூடப் பிறந்தவன். தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்துவது என்று ஆரம்பித்த பேச்சு, செத்துப்போன அப்பா வரைக்கும் போய், அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டுக்குள் இருந்த மாடிப்படிக் கதவுக்கு அன்றைக்கே பூட்டு. நடுவில் தூது போகிறவள் அவள். அந்தப் பூட்டு திறந்தால் போதும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

கணவருக்கு வீட்டிலேயே டிடிபி வேலை, புத்தகங்களுக்கு டைப் அடித்துப் பக்கம் கட்டுவது. போன கோடையில் வைரஸ் புகுந்து, அச்சுக்குப் போக வேண்டிய புத்தகம் ஒன்றை முழுசாக விழுங்கிவிட்டது. இன்டர்நெட் லைனுக்கு வாசலில் ஒரு காவல்காரன் வேண்டும், ஃபயர்வால் போடுங்கள், அதற்குப் பழைய கம்ப்யூட்டரே போதும் என்றார்கள். போடத் தெரிந்தவன் குடும்பத்தில் ஒருத்தன்தான். மாடியில் இருந்தான்.

முதல் நாள் தம்பி தெருவாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தான். பென் டிரைவைச் செருகினான். எழவில்லை. கம்ப்யூட்டர் முதலில் எதிலிருந்து எழ வேண்டும் என்ற வரிசையை மாற்றினான். எழுந்தது. ஃபயர்வாலை ஏற்றினான். காவல்காரனுக்குக் கீபோர்டு எதற்கு என்று அதைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டால், திரையில் ஒரு வரி வந்து நின்றுகொண்டது.

'கீபோர்டு இல்லை. தொடர எஃப்-ஒன்னை அழுத்தவும்.'

"இல்லாத கீபோர்டுல எங்கே போய் அழுத்தறது? இதை எழுதினவன் நம்ம வம்சமாத்தான் இருக்கணும்னு அவர்கிட்ட சொல்லுங்க அண்ணி."

அவர் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

"எழுதினதே அவனா இருக்கும்னு சொல்லு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் சண்டை ஞாபகம் வந்து, ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

தம்பி அதையும் சரிசெய்துவிட்டுப் போனான். நாலைந்து நாள் ஒரு தொந்தரவும் இல்லை. தம்பியும் வரவில்லை.

அதற்கப்புறம்தான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. கரண்ட் போய் வந்தால், செய்துவைத்த மாற்றம் அத்தனையையும் கும்பகர்ணன் மறந்துவிடும். தம்பி வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"தேதியைப் பாருங்க அண்ணி, பத்து வருஷம் பின்னாடி நிக்குது. இதைக் கேட்டா நாங்க இன்னும் சண்டையே போடலைன்னு சொல்லும்."

கணவர் தொண்டையைச் செருமினார். "அவனுக்கு டீ வேணுமான்னு கேளு."

அடுத்த வாரம், "அவனுக்குச் சர்க்கரை கம்மியாப் போடு" என்றார். அதற்கடுத்த வாரம், "டேய், ஒயரை மிதிக்காதே" என்றார். அதை மட்டும் அவள் மூலமாகச் சொல்லவில்லை.

ஆனாலும் அவளுக்கு எரிச்சல். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு ஓட்டை மிஷினைச் சரிபண்ணத் துப்பில்லை. இவருக்கோ வேறு ஒன்று வாங்க மனசு வரவில்லை.

"என்னங்க, இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற பாருங்களேன்."

"ஓடற வரைக்கும் ஓடட்டும்."

"அது எங்கே ஓடுது? படுத்துக்கிட்டே இருக்கு." மேஜைமேல் இருந்த அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து துடைத்தாள். உள்ளே வெள்ளிப் பொத்தான் மாதிரி ஏதோ மின்னியது. "இது என்ன?"

"பழைய வாட்ச் பேட்டரி. வை அங்கேயே."

இன்றைக்கு அவள் கூப்பிடுவதற்குள் தம்பி வேலைக்குக் கிளம்பியிருந்தான். கணவரும் வெளியே போனதும், அவளே போன் போட்டு விற்ற கடைக்காரரை வரவழைத்தாள்.

"ஓட்டையைத் தலையில கட்டிட்டு நீங்க நிம்மதியா இருக்கீங்க. இங்கே நான் தினம் மாடிக்கும் கீழுக்கும் அலையறேன்!"

கடைக்காரர் மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அக்கா, மிஷின்மேல பழி போடாதீங்க. இந்தக் குழியில ஒரு பேட்டரி இருக்கணும், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. அது இருந்தாத்தான் கரண்ட் போனாலும் எல்லாம் ஞாபகம் இருக்கும். புதுசாப் போட்டுத்தானே கொடுத்தேன்? யாரோ கழட்டியிருக்காங்க."

அவள் கண் மேஜைக்குப் போனது. கண்ணாடிக் கூடு அங்கேயே இருந்தது.

"அப்ப மாடியில இருக்கிற எங்க தம்பிக்கு இது தெரியாதா?"

"தெரியாம என்ன? குழி காலியா இருக்குன்னு போன மாசமே கடைக்கு வந்து ஒரு பேட்டரி வாங்கிட்டுப் போனாரே. இன்னுமா போடலை?"



கடைக்காரர் பையிலிருந்து புது பேட்டரியை எடுத்தார். "விடுங்க, நான் போட்டுடறேன். ஒரு நிமிஷ வேலை."

"வேண்டாம். மூடிடுங்க."

"அப்புறம் தினம் எல்லாத்தையும் மறந்துட்டு நிக்குமே அக்கா!"

"மறக்கட்டும்."

அவரை வழியனுப்பிவிட்டு, தம்பிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, கும்பகர்ணன் இன்னும் எழுந்திருக்கலை. சாயங்காலம் அண்ணன் வந்ததும் நீங்க வாங்க."

அடுத்த மார்ச் ஒன்பதாம் தேதி மாடிப்படிக் கதவின் பூட்டைக் கழற்றினார்கள். பத்தாம் தேதி கும்பகர்ணனுக்குப் பேட்டரி போட்டார்கள்.