ஓட்டாத கட்டம்

“கேக்கை நான் வாங்கிட்டு வர்றேன்மா. அப்பாவோட பட்டாளத்துச் சிநேகிதங்க எத்தனை பேரு வர்றாங்கன்னு மட்டும் சொல்லு” என்று போனில் கேட்டுக்கொண்டே கணினி விசையைத் தட்டினாள் நினெத். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள். பன்னிரண்டு பேர் என்று அம்மா சொன்னதும் போனை வைத்தாள்.

திரையைப் பார்த்ததும் கேக் மறந்துபோனது. “எஸ்துவார்தோ, இங்க வா. நூத்திப் பதினேழு பொருந்திருச்சு.”

“நல்லாப் பாரு. வயசு நாப்பத்தி மூணாச்சு, இன்னும் கண்ணாடி போட மாட்டேங்கற” என்றபடி பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்தான் எஸ்துவார்தோ.

நூற்றுப் பதினேழு என்பது அந்த மரபணு ஆய்வகத்துக்கு வந்திருந்த ஓர் இளம்பெண்ணின் எலும்பு. கோபான் நகருக்கு வடக்கே மலைப்பக்கம் ஒரு குழியில் மற்ற எலும்புகளோடு கிடைத்தது. பாவாடை மடிப்பில் குழந்தையின் கம்பளிக் காலுறை ஒன்று இருந்தது. குழியில் குழந்தையின் எலும்பு எதுவும் இல்லை.

வெளியே வரவேற்பறையில் ஹெர்லிண்டா சோக் காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். எண்பதைத் தொடும் வயது. 1982ஆம் வருஷம் பட்டாளத்துக்காரர்கள் ஊருக்குள் புகுந்த அன்று மகள் ஒஃபேலியாவையும் ஐந்து மாதப் பேரக் குழந்தையையும் பறிகொடுத்தவள். தான் கண்ணை மூடுவதற்குள் மகளை ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்துவிட வேண்டும், அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

எஸ்துவார்தோ திரையை எட்டிப் பார்த்தான். தாய்-பிள்ளை உறவு, 99.99 சதவீதம். மறுநொடி அவன் வரவேற்பறைக்கு ஓடிவிட்டான். அந்த ஆய்வகத்தில் இப்படியொரு சேதி சொல்ல வருஷத்துக்கு நாலு தடவை வாய்த்தால் பெரிசு, அவனைத் திட்டி என்ன பிரயோசனம்.

திரும்பி வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அழறாங்க. எலும்பைச் சுத்தி எடுத்துட்டுப் போக வெள்ளைத் துணி கையோட கொண்டு வந்திருக்காங்க.”

“அதுக்குள்ள சொல்லிட்டியா? எல்லாத்தையும் மூடித் திறந்து, மேலேருந்து கீழ வரைக்கும் ஒருவாட்டி ஓட்டாம குடும்பத்துக்கிட்ட வாயே திறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதான்.”

“போட்டேன். இப்ப வேணா ஓட்டிப் பாரேன். என்ன மாறிடப் போகுது?”

அங்கே கணக்கை ஒரே கோப்பில் கட்டம் கட்டமாக எழுதுவார்கள். எடிட்டரில் கர்சர் நிற்கும் கட்டத்தை மட்டும் இரண்டு விசையைத் தட்டி ஓட்டிக்கொள்ளலாம். முன்னால் ஓட்டியவற்றின் விடை கணினியின் நினைவில் அப்படியே கிடக்கும், கட்டத்தையே அழித்தாலும் போகாது. வேலை சீக்கிரம் முடியும். வம்பு வருவதும் அதனால்தான்.

நினெத் நினைவைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு முதல் கட்டத்திலிருந்து ஓட்டினாள். பொருத்தம் சுழியம் என்று வந்தது. மறுபடி ஓட்டினாள். அப்போதும் சுழியம்தான்.

எஸ்துவார்தோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “எப்படி இப்படி ஆச்சு?”

“ஹெர்லிண்டாம்மாவோட மரபணுவை ஏத்துற கட்டத்தை எழுதினேன். அப்பப் பார்த்து அம்மா போன். பேசிக்கிட்டே அதை ஓட்டாம அடுத்ததை ஓட்டிட்டேன்.”

“அப்ப அந்த எலும்பு யார் கூடப் பொருந்திச்சு? வேற யாரோ முன்னாடியே நினைவுல ஏறி உக்காந்திருக்காங்க.”

அவன் எடிட்டரில் அன்று செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் திருப்பினான். காலையில் நினெத் அழித்த வரிகள் திரும்பி வந்தன. நிரல் ஒழுங்காகப் படிக்கிறதா என்று பார்க்க ஏற்றிய சோதனை மாதிரி: ஊழியர் 9. எலும்பில் யார் கையாவது பட்டுவிட்டால் தெரிய வேண்டும் என்று, ஊழியர்கள் எல்லோருடைய மரபணுவையும் பெயர் போடாமல் எண் போட்டு அங்கே வைத்திருந்தார்கள். அவரவர் எண் அவரவருக்கு மட்டும் தெரியும்.

“யாரோ வெறுங்கையால தொட்டுத் தொலைச்சிருக்கான்” என்றான் எஸ்துவார்தோ.

“தொட்டிருந்தா ரெண்டும் ஒரே ஆளுன்னு முழுசாப் பொருந்தும். இது ஒவ்வொரு வரியிலயும் பாதிதான் பொருந்துது, தாய்க்கும் பிள்ளைக்கும் பொருந்துற மாதிரி.”

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “எலும்புப் பெட்டியில இருக்குறது நம்மள்ல ஒருத்தரோட அம்மாங்கறியா? இரு, பேர்ப் பட்டியலை எடுத்துட்டு வர்றேன்.” அலமாரிச் சாவியைத் தேடிக்கொண்டு மாடிக்குப் போனான்.

நினெத் பட்டியலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து வரவேற்பறைக்குப் போனாள்.

ஹெர்லிண்டா வெள்ளைத் துணியை மடியில் விரித்து, சுருக்கம் போக நீவிக்கொண்டிருந்தாள். நினெத் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். “அம்மா, தப்பு என் மேல. அவங்க ஒஃபேலியா இல்ல.”

நீவிய கை நின்றது. “நாப்பத்தி மூணு வருஷம் பொறுத்தேன். இந்த அரை மணி நேரத்தை எனக்கு எதுக்குக் குடுத்தீங்க?”

 கிழவி அழுது முடிக்கும்வரை நினெத் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள இருக்குறாளே அந்தப் பொண்ணு” என்றாள் ஹெர்லிண்டா கடைசியில். “அவளைக் கேட்டு ஒருத்தரும் வரலியா?”

“வந்தாச்சும்மா. நான் அவங்க பொண்ணு.”